இல்லை என்று சொன்ன சாட்சி

செல்லூர் வீட்டு வாசலில் சரண்யாதேவி வந்து நின்றபோது ராம்கி கதவை முழுதாகத் திறக்கவில்லை. ஜெயபாண்டிக்குக் கீழ்க்கோர்ட்டு தூக்கு விதித்திருந்தது. அதை உறுதி செய்யுமுன் அவன் வாழ்ந்த நிலையை விசாரித்து அறிக்கை தரச் சொல்லி உயர் நீதிமன்றம் அவளை அனுப்பியிருந்தது.

"எங்கப்பாவையும் தங்கச்சியையும் வெட்டுனவனுக்கு எங்க வீட்டுக்கே வந்து பரிஞ்சு பேசுவீகளா?"

"பரிஞ்சு பேச வரலை தம்பி. ஆறு வருஷம் உங்க தறியிலதான் வேலை பார்த்திருக்கான். அவனைத் தெரிஞ்ச வேற யாரும் வாயத் திறக்க மாட்டேங்குறாங்க."

"உள்ள விடுறா" என்றாள் அவன் அம்மா பாண்டீஸ்வரி.

மகன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். சரண்யாதேவி நேராகவே கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் அவனை அடிப்பாராம்மா?"

விசாரணையின்போது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட அதே கேள்வி. அன்று பாண்டீஸ்வரி கூண்டில் நின்று "இல்லை" என்று சொல்லியிருந்தாள்.

"யம்மா, எந்திரி. அவுகள போகச் சொல்லு" என்றான் ராம்கி.

பாண்டீஸ்வரி எழவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"அடிப்பாரு. தறி மோட்டார் கருகிப்போச்சுன்னு பெல்ட்டக் கழட்டி அடிச்சாரு. நூல் ரூம்ல போட்டு ரெண்டு நாள் பூட்டி வச்சாரு. சோறு கெடையாது. அவருக்குத் தெரியாம ஜன்னல் வழியா நாந்தான் தண்ணி குடுத்தேன். வெளிய விட்ட ஆறாம் நாள் அருவாளோட வந்தான்."

"செத்த மனுசனக் கேவலப்படுத்துறியா?" ராம்கி கத்தினான். "சரி, அப்பா அடிச்சாரு. திவ்யா என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. அப்பன வெட்டாதன்னு குறுக்க விழுந்தா." அவள் சரண்யாதேவி பக்கம் திரும்பினாள். "அதையும் எழுதிக்கம்மா."

"நீ சொன்னா அவன் பொழச்சுக்கிருவான், யம்மா!"

"பொழைக்கட்டும்னு சொல்லலடா. அவன் சாகணும்னுதான் நானும் நெனைக்கிறேன். ஆனா எம்பொய்யால அவன் தொங்குனா, அது நான் கொன்ன கொலையாயிரும்."

சரண்யாதேவியின் பேனா நின்றது. "முன்னாடி சொன்ன சாட்சியை மாத்துறீங்கம்மா. உங்க மேலயே கேஸ் வரலாம்."

"வரட்டும்."

எழுதியதை வாசித்துக் காட்டியபோது கணவன் காளையின் பெயர் வந்த இடத்தில் பாண்டீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இருந்தாலும் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே ராம்கி துணிமணிகளை எடுத்துக்கொண்டு சிம்மக்கல்லில் நண்பன் அறைக்குப் போய்விட்டான். அவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

நான்கு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தூக்கு ரத்து, முப்பது வருடம் வெளியே வர முடியாத ஆயுள் தண்டனை.

மறுநாள் காலை ஜெயபாண்டியின் தாய் மலையம்மாள் டி. கல்லுப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கதவு திறந்ததும் பாண்டீஸ்வரியின் காலில் விழுந்தாள். பாண்டீஸ்வரி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரி. ஒம்மகனுக்காக நான் சொல்லல. அவன் உசுரோட இருக்கான்னு நெனச்சாலே எனக்கு வயிறு எரியுது. போயிரு."

மலையம்மாள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் சந்து முனைவரை போனாள். அவள் தலை மறைந்த பிறகுதான் பாண்டீஸ்வரி கதவைச் சாத்தினாள்.