வருஷம் திரும்பாத வீட்டில் ஒரு பாட்டு

சுனாமியில் கணவன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்தில், தகரக் கொட்டகை வாசலில் தனக்கோடி நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்கான புது வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் விட்டுப்போயிற்று என்று காலையில்தான் அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு கிடைத்தால் மனசு ஆறும் என்று அதுவரை நம்பியிருந்தாள். அழுது ஓய்ந்து மீனைப் புரட்டும்போது, தன்னை அறியாமல் ஒரு பாட்டை முனகினாள்.

அடுத்த கொட்டகையிலிருந்து கணவனின் அக்கா அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "என்னாடி, லிஸ்ட்ல பேரு வந்துடுச்சா?"

"வரல அண்ணி."

"பின்ன எதுக்குடி பாட்டு? என் தம்பி செத்து வருஷம் திரும்பல. சாவு வூட்ல பாடுனா ஊரு காறித் துப்பும்."

"வேணும்னு பாடல அண்ணி. தானா வந்துச்சி."

"தானா வர்றதுக்கு அது என்ன விக்கலா?"

தனக்கோடி வாயை மூடிக்கொண்டாள். அஞ்சலை உள்ளே போன பிறகும் திறக்கவில்லை. செத்தவனுக்குரிய துக்கத்தை மீற அவளுக்கும் மனமில்லை. ஆனால் அவன் இல்லை, வீடில்லை, இனி வரப்போவதும் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் உள்ளே அந்தப் பாட்டு நிற்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. நிறுத்தவும் தோன்றவில்லை.