காலடி மண்

யாமினி ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். நானூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பிய கிராமங்களில், மாடு பால் சுரக்காததற்கெல்லாம் யாரையாவது சூனியக்காரி என்று பிடித்து விசாரித்தார்களே, அந்த வழக்குகள்தான் அவளுடைய பாடம்.

அவள் குடியிருக்கும் டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டில் ஜனவரிக் கடைசியில் மூன்று நாள் உறைபனி. தெரிந்தவர்களில் நாலு வீட்டுக் கறிவேப்பிலைச் செடி கருகிப்போனது. பொங்கலன்றுதான் யாமினி அந்த நாலையும் பார்த்து, "எவ்ளோ தளதளன்னு இருக்கு!" என்றிருந்தாள்.

சாந்தாமணி ஆன்ட்டி வீட்டில் பஜனை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பேச்சு வந்தது.

"தப்பா எடுத்துக்காதேம்மா. உன் காலடி மண் கொஞ்சம் குடேன், சுத்திப் போட்டுடறேன்" என்றார் ஆன்ட்டி யாமினியிடம்.

"அது ஃப்ரீஸ்னால ஆன்ட்டி!"

"என் செடி கராஜ்லதானே இருந்துது?" என்றாள் செடி கருகிய நால்வரில் ஒருத்தியான ஷ்யாமளா. "உன் செடி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஹால்ல வெச்சிருந்தேன்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் வாயாலேயே சாட்சி சொல்லிவிட்டோம் என்று யாமினிக்குப் புரிந்தது. செய்யாத சூனியத்தை அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று மாணவர்கள் வருஷாவருஷம் கேட்பார்கள். அரை மணி நேரம் வாதாடியதில் அவளுக்கே பதில் கிடைத்தது: எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும்.

"சரி ஆன்ட்டி, என் கண்ணுதான்."

டெக்சஸில் காலடி மண்ணுக்கு எங்கே போவது? அவள் காரில் கால் வைக்கும் மேட்டை உதறினார்கள். பிஸ்கட் தூளோடு கொஞ்சம் மண் விழுந்தது. அதோடு உப்பும் மிளகாயும் சேர்த்துச் சுற்றி, பின்கட்டு பார்பிக்யூ அடுப்பில் போட்டார் ஆன்ட்டி.

கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். வந்தது பாருங்கள் நெடி! ஒருவர் விடாமல் இருமித் தள்ளினார்கள்.

"திருஷ்டியே இல்லடி! அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டே?" ஆன்ட்டிக்குக் கோபம்.

"நீங்கதானே ஆன்ட்டி..."

"அப்போ யாரு கண்ணு?"

கலங்கிய கண்கள் மெல்ல ஷ்யாமளா பக்கம் திரும்பின. "நானா? நான் என்ன பண்ணேன்?" என்றாள் அவள்.

யாமினி கையில் கார் சாவியோடு கிளம்பியிருந்தாள். அந்தச் சூனிய வழக்குகளில் விடுதலையானவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடியதைத்தான் அவள் படித்திருக்கிறாள். ஒரு நொடி நின்றாள். பிறகு வந்து, ஷ்யாமளாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"இவளைக் கேக்கறதா இருந்தா என்னைக் கேளுங்க. நான்தான் இவ லாயர்."

ஆன்ட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது. ஷ்யாமளா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.