கழுதைக்குப் பிடித்த குடை

அந்த வருடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் வேலை என்னுடையது. ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம். அவர்கள் முன்னால் கதை அச்சடித்த தாள், என் கையில் பென்சில், மேசைமேல் கடிகாரம். தப்பாகப் படித்த சொல்லின்மேல் ஒரு கோடு போட வேண்டும். மூன்று விநாடி நின்றுவிட்டாலும் கோடுதான். அந்தச் சொல்லை நானே சொல்லிப் பிள்ளையை மேலே நகர்த்த வேண்டும். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் வந்தால் தேர்ச்சி. வராதவர்களுக்கு வாரம் ஒருமுறை வரும் நூலக வகுப்பு கிடையாது. அந்த நேரத்தில் என்னிடம் உட்கார்ந்து சொல் அட்டை படிக்க வேண்டும்.

முப்பத்தெட்டாவதாக வந்தவள் குண்டூசி. உடம்பு ஒல்லி, தலை மட்டும் உருண்டை என்று வகுப்பு வைத்த பெயர். அப்படிக் கூப்பிட்டால்தான் அவளும் திரும்புவாள். நூலக வகுப்பு முடிந்து மணி அடித்த பிறகும் அலமாரி இடுக்கிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கும்.

கதை, மழையில் சந்தைக்குப் போகும் ஒருவரையும் அவருடைய கழுதையையும் பற்றியது. நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். அவர் குடையை விரித்துக் கழுதையின் தலைக்கு மேல் பிடித்தார் என்ற இடத்தில் நின்றாள். சிரித்தாள்.

“டீச்சர், அப்ப அவரு நனைஞ்சிருவாரே?”

என் கண் கடிகாரத்தில் இருந்தது. மூன்று விநாடி ஆனதும் அடுத்த சொல்லைச் சொன்னேன், கோடு போட்டேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தாளில் விரலை வைத்தாள். நிமிடம் முடிந்தபோது நாற்பத்து மூன்று.

“கழுதை கடைசில என்ன பண்ணுச்சு டீச்சர்?”

“அப்புறம் சொல்றேன். அடுத்த ஆளை வரச் சொல்லு.”

உண்மையில் எனக்குத் தெரியாது. காலையிலிருந்து முப்பத்தெட்டுத் தடவை கேட்ட கதை. யாரும் கடைசி மூன்று வரியை எட்டவில்லை. நானும் சொற்களை எண்ணினேனே தவிர, படிக்கவில்லை.

மாலையில் தாள்களைப் புரட்டிய தலைமை ஆசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இந்தப் பொண்ணா? விட்டா புத்தகத்தைத் தின்னுருவாளே. ரெண்டு சொல்தானே குறையுது?”

“நடுவுல நின்னுட்டா மேடம்.”

“எதுக்கு நின்னா?”

“சிரிச்சா.”

அவர் கண்ணாடியை இறக்கி, அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “இன்னொரு தடவை படிக்க வச்சுப் பாருங்களேம்மா.”

“ஒரு தடவைதான்னு விதி இருக்கு மேடம்.”

“நீங்க புடிச்சா உடும்புப் புடிதான்” என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். நேர்மை என்று நானே அதற்குப் பெயரும் வைத்தேன். இப்போது பிரித்துப் பார்த்தால் அடியில் வேறொன்று கிடக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த எரிச்சல்தான் விதிக்கு முட்டுக் கொடுத்தது.

வாரந்தோறும் தேறாத ஐந்து பேர் கடைசி அறையில் என் முன்னால் உட்கார்ந்தார்கள். அட்டையைத் தூக்கினால் சொல்ல வேண்டும். தாமதித்தால் அடுத்த அட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் நூலகம். பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் குண்டூசியின் தலை அந்தப் பக்கம் திரும்பும்.

“கழுதை வீட்டுக்குப் போயிடுச்சா டீச்சர்?”

“அட்டையைப் பாரு.”

இரண்டு வாரம் கேட்டாள். மூன்றாவது வாரம் கேட்கவில்லை. ஒருவழியாகக் கவனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை, வேறு கதை. குண்டூசி முற்றுப்புள்ளியில்கூட மூச்சு விடவில்லை. எண்பத்தொன்று. வகுப்பிலேயே அவள்தான் முதல். ஒரு கோடுகூட விழாத தாளைப் பார்க்க எனக்குப் பூரிப்பாக இருந்தது. அந்தப் பூரிப்பில்தான் கேட்டேன்.

“கதை நல்லா இருந்துச்சா?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “நிமிஷம் முடிஞ்சிருச்சே டீச்சர்.”

“சும்மா சொல்லு. யாரைப் பத்தின கதை?”

அவள் கண் தாளைத் தேடியது. நான் அதைக் கவிழ்த்து வைத்திருந்தேன். உதட்டைப் பிதுக்கினாள்.

“சரி, விடு. அடுத்த வாரத்துல இருந்து நீ நூலகத்துக்குப் போகலாம்.”

“அங்க யாரு டீச்சர் டைம் பாப்பாங்க?”

பிள்ளைகள் போன பிறகு பழைய தாள்கட்டிலிருந்து குண்டூசியின் கழுதைத் தாளைத் தேடி எடுத்து, முதல்முறையாகக் கடைசிவரை படித்தேன். மழை நிற்கிறது. அவர் குடையை மடக்குகிறார். கழுதை ஓர் அடி நகர மாட்டேன் என்கிறது. மறுபடி விரித்துப் பிடித்தால்தான் நடக்கிறது. அன்றிலிருந்து சுள்ளென்று வெயில் அடிக்கும் நாளிலும் அவர் கழுதைக்குக் குடை பிடித்துக்கொண்டே சந்தைக்குப் போகிறார். ஆளில்லாத வகுப்பறையில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு அவள் சிரித்த இடத்தில் நான் போட்ட பென்சில் கோட்டைப் பார்த்தேன். அழுத்திப் போட்டதில் தாள் பின்பக்கம் தடித்திருந்தது.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி முழுவதும் சொன்னேன். கழுதை அடம்பிடித்ததை நடித்துக்கூடக் காட்டினேன். குண்டூசி கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள். நான் முடித்துவிட்டேன் என்பது உறுதியானதும் தலையை நிமிர்த்தினாள்.

“எந்தக் கழுதை டீச்சர்?”