டிஸ்க்குக்குப் போட்ட காப்பு

“சர்வர் பாஸ்வேர்டைக் கொடுங்க சார்.”

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று அஃப்ஷீனுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இன்றும் மறுத்தால் வேலையே வேண்டாம் என்று ஜங்லிகாட்டில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே முடிவெடுத்துவிட்டாள். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் ஹட் பே தீவுத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் டிக்கெட் வராமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கவுன்ட்டர் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் ஈஸ்வரன் சிரித்தார். “அரே, சர்வர் பழசும்மா. மெயின்லேண்டிலேர்ந்து புதுசு வருது.”

“அதுலயும் இதே செட்டிங்கைத்தானே போடுவீங்க? என்னைக்கோ கரன்ட் போய் டிக்கெட் அழிஞ்சதுக்கு, எதை எழுதினாலும் டிஸ்க்ல பதியற வரைக்கும் சர்வரை நிக்க வெச்சிருக்கீங்க, அதான் இவ்வளவு ஸ்லோ. தேவையானதை டேட்டாபேஸே பத்திரமா பதிஞ்சுக்கும் சார். ஒரு வரியை மாத்தினாப் போதும்.”

“அந்த வரிதான் நமக்குக் காப்பு, தொடாதே. வீட்டுக்கு ஒரே பட்டதாரின்னா இவ்வளவு திமிரா? போய் ‘சர்வர் டவுன்’னு சொல்லு, ஜல்தி!”

“நீங்களே போய்ச் சொல்லுங்க.”

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வீசிவிட்டு வெளியே நடந்தாள்.