சத்தம் வராத பிரேக்

மெக்கானிக் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, பழைய பிரேக் பேடை உருவி அவன் கையில் வைத்தார். தாள் கனத்துக்குத் தேய்ந்திருந்தது.

"இதை வச்சுக்கிட்டா ஓட்டிட்டு வந்தீங்க தம்பி? பெரியவர் செஞ்ச புண்ணியம்."

அந்தப் பெரியவர், அவனுடைய அப்பா, வீட்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். அக்கா பதினொரு மணி ரயிலில் வருகிறாள், அவளைப் பார்க்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றாள் அம்மா. காலையில் அவர் முழுதாகப் பேசியது ஒரே வாக்கியம்: "பிரேக்கைப் பாக்காம வண்டிய எடுக்காதே." சாகக் கிடக்கிறவர் பேசுகிற பேச்சா இது என்று அவனுக்கு எரிச்சல்கூட வந்தது.

மெக்கானிக் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"அப்பா எப்பவும் போடுறது இது. இரும்புத்தூள் கலந்தது, நல்லா உழைக்கும். ஆனா கத்தும். இது செராமிக், சத்தமே வராது."

கத்தும் என்பது மரியாதைக்குச் சொன்னது. அப்பா வீட்டு வாசலில் பிரேக்கை மிதித்தால் தெருவுக்கே தெரியும். அதைக் கேட்டுத்தான் அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். "அப்பாவுக்கு ஹாரனே வேண்டாம்" என்பாள் அக்கா. பள்ளிக்கூட வாசலில் அந்தக் கிறீச்சால் அவன் மானம் கப்பலேறியது ஒருநாள் இரண்டுநாள் அல்ல.

"சத்தம் வராததையே போடுங்கண்ணே. இப்பவாவது அவர் நிம்மதியா படுத்திருக்கட்டும்."

ரயில் நேரத்துக்கு வந்தது. வீட்டு வாசலில் வண்டி பூனை மாதிரி வந்து நின்றது.

"அட, நம்ம வண்டிதானாடா இது?" என்று ஆச்சரியப்பட்ட அக்கா, கதவைத் திறக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "இரு, முகத்தைக் கழுவிக்கறேன். அழுத மூஞ்சியோட போனா பயந்துடுவார்."

அவன் தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கொடுத்தான். அவள் முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

உள்ளே அம்மா அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"எப்ப வந்தீங்க? இப்பத்தான்டா... ரெண்டு நிமிசம்கூட ஆகலை. வண்டி வந்துருச்சா, வண்டி வந்துருச்சான்னு காதை ஜன்னல் பக்கமே வச்சிருந்தார். சத்தம் கேக்கலை, இன்னும் வரலைன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அக்கா கட்டிலில் விழுந்து அழுதாள். வாசலில்தான் இருந்தோம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அக்கா ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை.

"பிரேக் மாத்திட்டியா?" என்றாள் அம்மா, கொஞ்ச நேரம் கழித்து.

"ம்."

"நல்லது. காலைலேர்ந்து அதே கவலைதான் அவருக்கு."

சாயங்காலம் சவ வண்டி வந்தது. அதற்கு இடம்விடக் காரைத் தெருமுனைக்குக் கொண்டுபோனான். எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது ஜன்னல் இன்னும் திறந்தே இருந்தது. வாசலில் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றுவிட்டது. காலை எடுத்து, இன்னும் அழுத்தி மறுபடி மிதித்தான்.