நாலாம் நிலை

நாட்டின் டிஜிட்டல் பொது சுகாதாரம் எந்த அளவுக்கு முதிர்ந்திருக்கிறது என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம். அறையில் இருக்கும் எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்லும்வரை கூட்டம் முடியாது என்பது விதி. விதியை எழுதிய புண்ணியவான் இப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கவே மாட்டான். ஜன்னல் திறக்காது, ஏசி ஓடாது.

மற்றவர்கள் நாலு என்று சொல்லியாகிவிட்டது. பாக்கி எக்ஸ்சேஞ்ச் அக்கா மட்டும்தான். அலுவலகம் வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரிக் கணினியும் ஆய்வகக் கணினியும் தாமாகவே பேசிக் கணக்கைப் பரிமாறிக்கொண்டால்தான் நாலாம் நிலை. இங்கே இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். தினமும் காலையில் அக்காதான் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் போன் போட்டு, காய்ச்சல் கணக்கைக் கேட்டு, கையால் ஏற்றுவாள். அந்தக் கணக்கைக் காட்டும் பெரிய திரை பச்சைப்பசேலென்று மின்னும். அமைச்சர் பார்த்துப் பூரித்துப் போவார்.

இரண்டு என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் அவளுடைய மாறுதல் மனு இயக்குநர் மேஜையில் கிடக்கிறது. கணவரும் மகளும் வேறு ஊரில். ஒரே வீட்டில் அவர்களோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

வெளியிலிருந்து வந்திருந்த மதிப்பீட்டாளர் போன் பேச எழுந்து போன நேரம் பார்த்து இயக்குநர் குனிந்தார்.

"என்னம்மா, உங்க ஒருத்தருக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம். இதை முடிச்சுக் குடுங்க, உங்க மனுவை இன்னிக்கே பாத்துடறேன்."

"சார், அதுங்க எங்க சார் பேசுது? நான்தானே பேசறேன்?"

"யார் பேசினா என்ன? பேச்சு நடக்குதுல்ல?"

மதிப்பீட்டாளர் திரும்பி வந்ததும் அக்கா "நாலு" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்ற சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"மனு, சார்..."

"பாத்தேம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வாங்கிட்டோம்ல, ரெண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கற வேலைக்கு இனிமே நிதி கிடையாதாம். முடிஞ்ச வேலைக்கு யாரு குடுப்பா? நீங்களும் போயிட்டா திரை இருண்டு போயிடும். நீங்களே சொல்லுங்க, உங்களை எப்படி அனுப்பறது?"

அக்காவுக்கு அழுகை முட்டியது. யாரிடம் போய் முறையிடுவாள்? இரண்டு கணினியும் பேசவில்லை என்று இனி எங்கே சொன்னாலும், அப்புறம் நாலு என்றது யார் என்று கேட்பார்கள்.