நனையும் வரிகள்

ஸ்கார்வீக் பள்ளி நூலகத்தில், உண்மையல்லாத வரி எதுவோ அது விடிவதற்குள் கடல்நீரில் நனைந்துவிடும். ஃபரோ தீவுகளின் வடகோடியில் இருந்த அந்த ஊரில், மழையைப் பற்றிப் பேசிய அளவுகூட யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. நூலகர் ஹெர்போர்க் தட்டுகளுக்கு அடியில் கம்பளித் துணி விரித்து வைத்தாள், அவ்வளவுதான். ஊரை மலைக்கு மறுபக்கம் காட்டிய நிலப்படம் ஒன்று பதினோரு ஆண்டுகள் சொட்டிக்கொண்டிருந்தது. தேர்தல் துண்டறிக்கைகளை வாளியில்தான் வைக்க முடிந்தது. பிள்ளைகள் எதையும் நம்புமுன் விரலால் தடவிப் பார்த்தார்கள். ஹெர்போர்க் அதோடு விடமாட்டாள். ஈரம் பொய்யைக் காட்டிக்கொடுக்குமே தவிர மெய் எதுவென்று சொல்லாது, அதற்கு மூன்று ஆதாரமாவது வேண்டும் என்பாள். பத்து வயதுவரை எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருந்த ரன்வா வாசிக்கக் கற்றது அங்கேதான். நனைந்த வரியில் என்ன தப்பு என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், நனையாத வரிகளையும் படித்துத் தீர்த்தாள்.

ஹெர்போர்க்கின் கணவன் சாமல் ஓர் அக்டோபரில் தனியாகப் படகெடுத்துப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மூன்று செய்தித்தாள்களும் ‘காணவில்லை’ என்றே எழுதின. மூன்றையும் அவள் தட்டில் வைத்துப் பார்த்தாள், காய்ந்தே கிடந்தன. காணாமல் போனது உண்மைதானே. அதற்கு மேல் ஒரு வரி தானாக எழுதி வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அவன் பங்குக்கும் சேர்த்து ஆட்டிறைச்சியைக் கொட்டிலில் உலரத் தொங்கவிட்டாள். கடல் கொண்டவர்களின் நினைவுக்கல்லில் அவன் பெயர் வெட்டலாமா என்று கேட்க வந்த போதகரைக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

ஒவ்வொரு பிள்ளையும் எழுதும் முதல் முழுக் கட்டுரையைத் தைத்து, அட்டை போட்டு, நூலகத்தில் வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ரன்வா நூலகத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதினாள். ஐந்தாம் பக்கத்தில், சாமல் ஏதோ ஒரு கரையில் உயிரோடு இருக்கிறார், ஊருக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறார் என்று இருந்தது. ஹெர்போர்க் அதைத் தைத்தாள், அட்டை போட்டாள், நூலகத்தில் வைக்காமல் பள்ளி அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். மூன்று வாரம் பொறுத்த ரன்வா நேரே வந்து நின்றாள்.

“ஹெர்போர்க், எல்லாரோடதும் வச்சாச்சு. என்னோடது மட்டும் ஏன் வைக்கல? அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“நல்லாத்தான் எழுதியிருக்கே. கதைத் தட்டுல வச்சிடட்டுமா?”

கதைப் புத்தகங்கள் அங்கே நனைவதில்லை. நடந்ததென்று அவை சாதிப்பதில்லை.

“இது கதை இல்ல.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க இன்னும் அவருக்குக் கறி தொங்கவிடறீங்களே.”

“அது ஒரு ஆதாரம்தான்டி. நான் மூணு கேப்பேன்னு தெரியாதா?”

“மிச்சம் ரெண்டையும் எங்க போய்த் தேடறது?”

ஹெர்போர்க் பள்ளி விட்டதும் இழுப்பறையைத் திறந்து, அந்தப் புத்தகத்தை நூலகத்தில் மீன் நூல்களுக்கும் வானிலை நூல்களுக்கும் நடுவே செருகிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் இருவரும் ஒன்றாகத்தான் கதவைத் திறந்தார்கள். ஐந்தாம் பக்கம் கனத்துத் தொங்கியது. தட்டின் விளிம்பிலிருந்து நீர் நிதானமாகச் சொட்டியது. ஹெர்போர்க் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். தான் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று ரன்வா அழுதாள்.

“யாராவது எழுதித்தானே ஆகணும்,” என்றாள் ஹெர்போர்க். “எனக்குக் கை வரல.”

அந்த வாரமே போதகரிடம் போய்ச் சாமலின் முழுப்பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். புத்தகத்தை ரன்வாவே கதைத் தட்டுக்கு மாற்றினாள். ஒன்பது நாளில் காய்ந்துவிட்டது. ஐந்தாம் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் உப்புப் பூத்திருக்கிறது. அதில் சாமல் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறான். குளிர்காலத்தில் அதை இரவல் வாங்கப் பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.